இறகுக்கு வரி இல்லை

நிதியறிக்கையில் நாற்பத்தோராம் பக்கம்.
அந்த வரியைத் தட்டச்சு செய்தவள் நான்தான்:
படைப்புத் தொழில்களுக்கான இறக்குமதிக்கு
இனி வரி இல்லை.
அமைச்சர் வாசித்தார், மேசைகள் அதிர்ந்தன.
ஒரு வரியில் ஒரு வரி ஒழிந்ததென்று
காஸ்ட்ரீஸ் முழுக்க நம்பியது, நானும்.

ஏப்ரலில் வந்தார் தெரசீன் இப்போலித்,
லிஃப்ட் ஓடாத நாளில், மூன்றாம் மாடிக்கு.
மூச்சு அடங்குமுன் ஒரு தாளை நீட்டினார்.
பதினான்கு பெட்டி இறகு,
ஒன்பது நீலம், மற்றது எலுமிச்சை மஞ்சள்,
துறைமுகக் கிடங்கில் பதினோரு நாளாக.
காரணம் என்ற கட்டத்தில் சிவப்பு மை:
கோழிப் பொருட்கள். பறவைக் காய்ச்சல் சோதனை நிலுவை.

"வேகவைத்து, வெளுத்து,
சாயத்தில் முக்கி, கடல் தாண்டி வந்தாயிற்று.
இனி அதற்கு என்ன காய்ச்சல் வரும், பெண்ணே?"

ஜூலையில் கார்னிவல்.
நூற்றெண்பது பேர் முதுகில் இறகு கட்டி ஆட
பாதிப் பணம் முன்கூட்டிக் கட்டியிருந்தார்கள்.
அந்தப் பாதி அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தது.
வங்கியில் கேட்டாராம்.
ஆடி முடித்த உடையை
அடமானமாக எடுக்க முடியாது என்றார்களாம்.

இருவரும் துறைமுகத்துக்கு நடந்தோம்.
தேவாலயத்தைவிட உயரமாக ஒரு சுற்றுலாக் கப்பல்
தெருவின் முனையை அடைத்து நின்றது.
சுங்க அதிகாரி காஸ்பார்
நாற்பத்தோராம் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தார்,
யாரும் படிக்காத அடிக்குறிப்பு வரை.
"பதிவேட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருக்கிறதே.
பதிவேடு எங்கே?"

அதையும் நான்தான் தட்டச்சு செய்திருந்தேன்.

பதிவேட்டுக்கு ஒதுக்கிய பணம்
புயலில் சரிந்த சூஃப்ரியேர் சாலைக்குப் போய்விட்டது.
குறை சொல்ல வாய் வரவில்லை.
அந்தச் சாலை வழியாகத்தான் என் அக்கா
வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வருகிறாள்.

எதிர்க் கடையில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன்,
மூன்று டாலர் ஐம்பது காசு.
முதல் பக்கத்தில் தலைப்பு எழுதி அடிக்கோடிட்டேன்.
எண் ஒன்று: தெரசீன் இப்போலித்.
தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது.

"தையல் என்று எழுதிவிடாதே, அதற்கு வேறு அமைச்சகம்."

கலைஞர்?

"முதலாளி என்று எழுது. சனிக்கிழமைதோறும்
இருபத்தாறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன்."

காஸ்பார் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
முத்திரையை ஓங்கிக் குத்தினார்.
பிறகு, பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில்,
"ராத்திரியில் டிரம்பெட் வாசிக்கிறவனையும்
இதில் எழுதுவீர்களா?"
எண் இரண்டு.

அந்த மை காய்வதற்குள்
அவரே ஒரு பில்லை நீட்டினார், மிக மரியாதையாக:
கிடங்கு வாடகை, தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு டாலர்.
"இது வரி இல்லை அம்மா, கட்டணம்."
தள்ளுபடியான வரி எண்ணூற்று எழுபது.
தெரசீன் கைப்பையைத் திறந்து
கசங்கிய நோட்டுகளை இரண்டு முறை எண்ணினார்.
எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால்
முகத்தை எங்கே வைத்திருப்பேன்?

ஜூலையில் மழையோடு ஆடினார்கள்.
நீலம் வழிந்து கணுக்கால் வரை இறங்கியது.
லாரி மேல் நின்று வாசித்த காஸ்பாருக்கு
என்னை அடையாளம் தெரியவில்லை,
அல்லது கண்கள் மூடியிருந்தன.

இப்போது அந்த நோட்டில் அறுபத்து மூன்று பெயர்கள்.
ஓர் ஒலிப்பதிவாளர், அனிமேஷன் செய்யும் இரட்டையர்,
தொழிலைக் காலியாக விட்டுப் போன ஒருவர்.
நேற்று தணிக்கைத் துறையிலிருந்து கடிதம்:
எந்த ஆணையின் கீழ் இப்பதிவேடு திறக்கப்பட்டது?
நோட்டு வாங்கிய ரசீதை இணைக்கவும்.

ரசீது இல்லை.
நூலகத்துச் சாக்கடையோரம் பொறுக்கிய இறகு ஒன்று
இழுப்பறையில் கிடக்கிறது, பாதி வெளுத்து.
அதை ஒரு தாளில் பின் குத்தி
'இணைப்பு அ' என்று எழுதி வைத்திருக்கிறேன்.
இன்னும் அனுப்பவில்லை.